குழந்தைக்கு முருகன் பேர் வைக்கப் போறீங்களா? கடைசி எழுத்தையும் கொஞ்சம் பாருங்க!

ஓம் சரவணபவ!



ஒரு வீட்டுல குழந்தை பிறந்தா முதல்ல வர்ற கேள்வி, "என்ன நட்சத்திரம்? என்ன எழுத்து வருது?" முதல் எழுத்தைத்தான் எல்லாரும் கேட்கிறோம். கடைசி எழுத்து என்னன்னு யாரும் கேட்கிறதில்ல. போன தை மாசம் எங்க அக்காவுக்குப் பையன் பிறந்தான். திருவாதிரை நட்சத்திரம். பஞ்சாங்கத்துல வந்த முதல் எழுத்து "கு". அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல்ல, எனக்குக் கடைசி எழுத்துதான் நிறைய சொல்லிக் கொடுத்தது. அதை உங்களோட பகிர்ந்துக்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஆளாளுக்கு பேர் அனுப்பினாங்க. ஒரு பேருக்கு ஒரு தளத்துல "முருகப்பெருமான்"னு அர்த்தம், இன்னொரு தளத்துல "சூரியன்", மூணாவதுல "புகழ்". எந்தச் சொல்லிலிருந்து வந்ததுன்னு மூணுலயும் இல்ல. சரி, நாமளே முருகன் பேர்களை ஒரு பட்டியல் போடுவோம்னு உட்கார்ந்தேன். போட்டு முடிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் கண்ணுல பட்டது. முக்கால்வாசிப் பேர் ஒரே எழுத்துல முடியுது: "ன்".

முருகன், கந்தன், வேலன், குமரன், கடம்பன், குகன், சரவணன், கார்த்திகேயன், சண்முகன், சேந்தன், விசாகன்...

இது தற்செயல் இல்ல. ஏன்னு பார்க்கலாம் வாங்க.

"ன்" என்ற எழுத்து

தமிழ் முதலெழுத்து 30. உயிர் 12, மெய் 18. அந்த வரிசையில கடைசியா நிக்கிறது "ன்". தொல்காப்பியம் எழுத்துகளை எண்ணத் தொடங்கும்போதே அகரத்துல ஆரம்பிச்சு னகரத்துல முடிக்குது. இந்த எழுத்து தமிழ்ல எந்தச் சொல்லுக்கும் முதல்ல வராது. நட்சத்திர எழுத்துப் பட்டியலை எப்படிப் புரட்டினாலும் "ன"ல ஒரு தமிழ்ப் பேர் ஆரம்பிக்க முடியாது. ஆனா முடிக்கிற இடத்துல அதுதான் ராஜா.

(கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு மட்டும்: பட்டியலை ஒரு சின்ன ப்ரோகிராம்ல போட்டு, "ன" எழுத்துல முடியும் பேர்களை மட்டும் எடுன்னு எழுதினேன். ஒண்ணு கூட வரல! யூனிகோடில் "ன்" என்பது ரெண்டு குறி. முதல்ல "ன", அப்புறம் புள்ளி. கடைசியில இருக்கிறது புள்ளிதான். புள்ளியையும் சேர்த்துத் தேடினதும் பட்டியல் கொட்டுச்சு.)

"அன்" என்ன வேலை செய்யுது?

வேல் என்பது ஆயுதம். வேல் + அன் = வேலன். வேலை உடையவன்.
கடம்பு என்பது மரம். கடம்பு + அன் = கடம்பன். கடம்ப மாலை சூடியவன்.

அதாவது "அன்" என்பது ஆண்பால் ஒருமை விகுதி. ஒரு பொருளோட பேரை எடுத்து, அதை ஒரு ஆளா மாத்துற வேலையை அதுதான் செய்யுது. இப்படிப் பிரிச்சா அர்த்தம் தர்ற பேரைப் பெயர்ப் பகுபதம்னு சொல்றது இலக்கணம். 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், இப்படிப் பேர் பிறக்கிற வழியை ஆறா பிரிக்குது: பொருள், இடம், காலம், சினை (உறுப்பு), குணம், தொழில். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மறந்த அந்த ஆறுலயும் ஆறுமுகனோட பேர்களை உட்கார வச்சுப் பார்த்தேன். அழகா உட்கார்ந்துச்சு.

1. பொருளால் வந்த பேர்கள்

வேலன்: தமிழ்ச் சொல். சங்கப் பாடல்கள்ல வேலன்னா முருகன் மட்டும் இல்ல. வேலைக் கையில பிடிச்சு வெறியாட்டு ஆடுற பூசாரிக்கும் அதே பேர். சாமிக்கும் பக்தனுக்கும் ஒரே பேரா இருக்கிற அபூர்வமான பேர் இது.

கடம்பன்: தமிழ். கடம்ப மரமும் கடம்பப் பூவும் முருகனுக்கு உரியவை. கூப்பிட கம்பீரமா இருக்கும், வகுப்புல இன்னொரு கடம்பன் இருக்கிறது அபூர்வம்.

மயூரன்: "மயூரம்"னா வடமொழியில மயில். மயிலை வாகனமா உடையவன். ஈழத் தமிழர்கள் மத்தியில ரொம்பப் பரவலா இருக்கிற பேர்.

2. இடத்தால் வந்த பேர்கள்

சரவணன்: சரம்னா நாணல், வனம்னா காடு. ரெண்டும் சேரும்போது வடமொழிப் புணர்ச்சியில "ன" "ண"வா மாறி "சரவணம்" ஆகுது. நாணல் சூழ்ந்த பொய்கையில தோன்றினவன். நாம தினமும் சொல்ற ஆறெழுத்துல முதல் நாலு எழுத்து இதுதான்.

செந்தூரன்: திருச்செந்தூரில் இருப்பவன். இதுவும் ஈழத்துல நிறையப் பேருக்கு இருக்கு. கடல் தாண்டி இருக்கிறவங்க திருச்செந்தூரைப் பிள்ளை பேர்ல வச்சுக்கிட்டாங்க.

குகன்: குகைங்கிற சொல்லில இருந்து வந்தது. பக்தர்களோட இதயம்ங்கிற குகையில இருக்கிறவன்னு விளக்கம் சொல்லுவாங்க. ராமாயணத்துல ராமன் தன்னோட சகோதரனா ஏத்துக்கிட்ட ஓடக்காரருக்கும் இதே பேர். ரெண்டு எழுத்தும் ஒரு புள்ளி எழுத்தும்தான், ஆனா அவ்வளவு ஆழம்.

3. காலத்தால் வந்த பேர்

விசாகன்: விசாக நட்சத்திரத்துக்கு உரியவன். வைகாசி விசாகம் முருகன் அவதார நாளா கொண்டாடப்படுது. விசாகத்துல பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கம் தி, து, தே, தோன்னு எழுத்து கொடுக்கும். அது அமையலைன்னா நட்சத்திரத்தையே பேரா வைக்க இது ஒரு வழி.

4. உறுப்பால் வந்த பேர்கள்

சண்முகன், ஆறுமுகன்: ரெண்டும் ஒரே அர்த்தம். முதல்ல இருக்கிறது வடமொழி "ஷட்" (ஆறு), அடுத்தது நம்ம "ஆறு". ஆறுமுகம், சண்முகம்னு "ம்"ல முடிச்சும் வைக்கிறோம். ஆறுமுகம்னா ஆறு முகங்கள். ஆறுமுகன்னா ஆறு முகங்களை உடையவன். கடைசி ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

5. குணத்தால் வந்த பேர்கள்

முருகன்: "முருகு"க்கு அழகு, இளமை, மணம், தேன், தெய்வத்தன்மைன்னு பல அர்த்தம். இவை எல்லாத்தையும் உடையவன் முருகன். நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டுல முதல் பாட்டு. அதுக்கே "முருகு"ன்னு ஒரு சுருக்கப் பேர் உண்டு.

சேந்தன்: செம்மைங்கிற நிறத்திலிருந்து வந்தது. சிவந்தவன். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத் தெய்வத்தை "சேயோன்"னு சொல்லுது, அதுவும் இதே வேர்தான். சேந்தன் திவாகரம்னு ஒரு பழைய நிகண்டு இருக்கு. எழுதினவர் திவாகரர், அவரை ஆதரிச்ச வள்ளல் சேந்தன். நூல் பேர்ல முதல்ல நிக்கிறது வள்ளல் பேர்! பழமையும் வேணும், கேட்க புதுசாவும் இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு என்னோட முதல் சிபாரிசு இந்தப் பேர்.

குமரன்: வடமொழி "குமார"விலிருந்து வந்தது. சிறுவன், இளைஞன்னு அர்த்தம். காளிதாசரோட குமாரசம்பவம் இந்தக் குமாரனோட பிறப்பைப் பத்தின காவியம்தான். நம்ம ஊர்ல இந்தப் பேரைச் சொன்னா 1932ல கொடியோட உயிர்விட்ட திருப்பூர் குமரனும் ஞாபகம் வருவார். அவர் 1904ல பிறந்த ஊர் முருகன் குடிகொண்ட சென்னிமலை.

6. தொழிலால் வந்த பேர்

வரதன்: வரம் தருபவன். இது முருகனுக்கு மட்டும் உரிய பேர் இல்ல, காஞ்சிபுரத்துப் பெருமாளும் வரதர்தான். அப்பா வீட்டுல முருகன், அம்மா வீட்டுல பெருமாள்னு இழுபறி நடக்கிற குடும்பங்களுக்கு ரொம்ப உதவும்!

ஆறுக்குள்ள அடங்காத ரெண்டு பேர்

கார்த்திகேயன்: கார்த்திகைப் பெண்கள் வளர்த்த பிள்ளை. வடமொழியில "ஏய"ன்னு ஒரு விகுதி தாய் பேரோட சேர்ந்து "இன்னாரோட பிள்ளை"ன்னு காட்டும். குந்தியின் மகன் கௌந்தேயன், கங்கையின் மகன் காங்கேயன். காங்கேயனும் முருகன் பேர்தான், கங்கை அவனைச் சுமந்ததால. கவனிங்க, இந்த ரெண்டு பேர்லயும் இருக்கிறது அப்பா பேர் இல்ல, அம்மா பேர்.

கந்தன்: வடமொழி "ஸ்கந்த"னோட தமிழ் வடிவம். அதோட வேருக்குத் துள்ளுதல், வெளிப்படுதல்னு பொருள். ஆறு குழந்தைகளைப் பார்வதி ஒண்ணா அணைச்சு ஒரே உருவமாக்கினதால கந்தன்னு கந்தபுராண வழி விளக்கம். கந்துன்னா தெய்வம் உறையும் தூண், அதிலிருந்து வந்ததுன்னு சொல்ற தமிழறிஞர்களும் உண்டு. எதை ஏத்துக்கிட்டாலும் வணங்குறது ஒரே கந்தனைத்தான்.

ஒரு சின்ன டெஸ்ட்

யாராவது ஒரு பேரை அனுப்பி "இது முருகன் பேர்"னு சொன்னா, கடைசியில இருக்கிற "அன்"ஐக் கழட்டிப் பாருங்க. மீதி இருக்கிற சொல்லுக்கு அர்த்தம் இருக்கா? தமிழ்ச் சொல்லா, வடமொழிச் சொல்லா? அந்தச் சொல்லுக்கும் முருகனுக்கும் என்ன தொடர்பு? மூணுக்கும் பதில் கிடைச்சா தைரியமா வைங்க. அர்த்தம் மட்டும் போட்டுட்டு வேர்ச்சொல்லைச் சொல்லாத பட்டியலை நம்பாதீங்க.

ஆனா எல்லா "ன்"னும் விகுதி இல்ல. இப்போ நிறையப் பேர் வைக்கிற "கவின்" நல்ல தமிழ்ப் பேர். கவின்னாலே அழகு. அங்க "ன்" சொல்லோட உடம்பு, தனியா கழட்ட முடியாது. தேன், வான், மீன் மாதிரி. அதனால கவினை "உடையவன்"னு பிரிக்கக் கூடாது. அவனே அழகு!

எழுதும்போது கவனம்

ன், ண், ந் மூணுக்கும் ஆங்கிலத்துல ஒரே எழுத்து. ஆங்கிலத்துல எழுதிப் பழகினதால "சரவனன்"னு தமிழ்ல தப்பா எழுதுறவங்க இருக்காங்க. நடுவுல மூணு சுழி ண, கடைசியில ரெண்டு சுழி ன். "அருண்" பட்டியல்ல சேராததும் அதனாலதான். அது "ண்"ல முடியுது.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஆனா பேர் முடிவாகலைன்னு பதறி ஏதோ ஒண்ணைக் கொடுக்க வேண்டாம். பேர் இல்லாமலே பதிவு பண்ணிட்டு, 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம். அதுக்கப்புறம் தாமதக் கட்டணத்தோட 15 வருஷம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால தமிழ் எழுத்துக்கூட்டல், ஆங்கில எழுத்துக்கூட்டல் ரெண்டையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துட்டு ஒப்புக்கொள்ளுங்க.

கூப்பிடும்போது காணாம போற எழுத்து

இவ்வளவு நேரம் "ன்" பத்திப் பேசினேன். இப்போ ஒரு வேடிக்கை சொல்றேன். கோயில்ல நின்னு நீங்க என்ன சொல்றீங்க?

முருகா! கந்தா! வேலா! குமரா! கடம்பா! சண்முகா!

"ன்" எங்க போச்சு?

இலக்கணத்துல இதை விளி வேற்றுமைன்னு சொல்லுவாங்க, எட்டாம் வேற்றுமை. "அன்"ல முடியும் பேரைக் கூப்பிடும்போது "ன்" மறைஞ்சு முன்னாடி இருக்கிற அகரம் நீண்டு "ஆ" ஆகிடும். "முருகன்"னு சொன்னா அவனைப் பத்திப் பேசறோம். "முருகா"ன்னு சொன்னா அவன்கிட்டயே பேசறோம். சான்றிதழ்ல இருக்கிறது "ன்", தொண்டையிலிருந்து வர்றது "ஆ".

க், ஷ் மாதிரி எழுத்துல முடியும் பேர்களுக்கு இந்த வசதி இல்ல. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில முடியாது. அதனாலதான் கார்த்திக்கைப் பாட்டி "கார்த்திக்கு"ன்னும், ரமேஷை "ரமேஷு"ன்னும் கூப்பிடுறாங்க. அவங்க தப்பாச் சொல்லல, அவங்க நாக்கு இலக்கணத்தைக் காப்பாத்துது. கார்த்திக்னு பேர் இருக்கிறவங்க வருத்தப்படாதீங்க, அதுவும் அவன் பேர்தான். புதுசா வைக்கப் போறவங்க மட்டும் இதையும் யோசிங்கன்னு சொல்றேன்.

இப்போ நம்மள்ல பலர் மரியாதையா "முருகர்"னு சொல்றோம். அதுவும் அன்புதான், தப்பே இல்ல. ஆனா "அவன்", "வந்தான்", "கொடுத்தான்"னு ஒருமையில பேசற உரிமையையும் பெரியவங்க நமக்கு விட்டுட்டுப் போயிருக்காங்க. அம்மாவை "நீ"ன்னு கூப்பிடற மாதிரி. அந்த நெருக்கம் "ன்" தர்றது.

எங்க வீட்டுல என்ன பேர் வச்சோம்?

இதைச் சொல்லாம முடிச்சா நியாயமில்ல.

அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அவர் பேரும் முருகன் பேர்தான், "ன்"ல முடியறதுதான். அதையே பையனுக்கு வைக்கணும்னு அக்காவுக்கு ஆசை. பேரன்ங்கிற சொல்லே பெயர் + அன்தான், தாத்தா பேரைத் தாங்குறவன். ஆனா அம்மா அப்பா பேரை ஒருநாளும் வாயால சொன்னதில்ல. அந்தக் காலத்துப் பழக்கம். "அந்தப் பேரை வச்சா நான் எப்படிடா குழந்தையைக் கூப்பிடுவேன்?"னு கேட்டுட்டு அழுதாங்க. குரூப்புல ரெண்டு நாள் யாரும் மெசேஜ் போடல.

இந்தப் பட்டியல் போட்டது அப்போதான். அம்மாகிட்ட ஒவ்வொரு பேரையும் படிச்சுக் காட்டல. கூப்பிட்டுக் காட்டினேன். "கு"வுல வர்ற ரெண்டு பேரும் வந்தப்போ, "குகா" சொன்னேன், பேசாம இருந்தாங்க. "குமரா" சொன்னேன். அவங்களே ஒரு தடவை "குமரா"ன்னு சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் தொட்டில் பக்கம் திரும்பி இன்னொரு தடவை. அப்பா பேர் எந்தச் சாமிக்கு உரியதோ அதே சாமியோட இன்னொரு பேர் இது. அக்காவுக்கும் சமாதானம் ஆச்சு. பேரன் தாத்தா பேரையும் தாங்கறான், பாட்டியும் தயங்காம கூப்பிடறாங்க.

பாகவதத்துல அஜாமிளன் கதை உங்களுக்குத் தெரியும். சாகிற நேரத்துல தன் பிள்ளையை "நாராயணா"ன்னு கூப்பிட்டான், அதுவே அவனைக் கரை சேர்த்தது. பிள்ளைக்குச் சாமி பேர் வைக்கிற வழக்கத்துக்குப் பெரியவங்க சொல்ற காரணம் இதுதான். பால் குடிக்கக் கூப்பிட்டாலும், குறும்புக்குத் திட்டினாலும், ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு கத்தினாலும் நாமம் வந்துடும். ஒரு நாளைக்கு நூறு தடவை, நாம ஜெபம்னு தெரியாமலே.

அதனால நண்பர்களே, பேர் தேடும்போது மூணு விஷயம் செய்யுங்க.

1. முதல் எழுத்தை நட்சத்திரம் சொல்லட்டும்.
2. நடுவுல இருக்கிற சொல்லோட வேரையும் அர்த்தத்தையும் நீங்க தேடிப் பாருங்க.
3. கடைசி எழுத்தை வீட்டுல மூத்தவங்க வாயால ஒரு தடவை கூப்பிடச் சொல்லிக் கேளுங்க.

காகிதத்துல அழகா இருக்கிற பேரைவிட, கூப்பிடும்போது மனசு நிறையற பேர் நல்ல பேர்.

பெண் குழந்தைகளுக்கு வள்ளி, தெய்வானை முதல் கார்த்திகா வரை தனிப் பட்டியல் அடுத்த பதிவுல போடறேன். உங்க வீட்டுல இருக்கிற முருகன் பேர் எது, அது எந்த எழுத்துல முடியுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. குழந்தைக்குப் பேர் தேடிக்கிட்டு இருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!